ஒருத்தரும் வாங்கன்னு கேக்கலை

சூலூர் தாண்டியிருந்த அந்தத் தனியார் கல்லூரியின் கணிதத் துறையில் அன்புச்செல்வி உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் அவள் பேர்ப்பலகை. பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. அவள் பாடம் எடுப்பது பீளமேட்டில் ஒரு டியூஷன் சென்டரில். இந்த அறைக்குள் அன்று காலையில்தான் கால் வைத்தாள். சுற்றியிருந்த மற்ற பேராசிரியர்களும் அவளை ஏற்றிவந்த வேனில் வந்து இறங்கியவர்கள்தான்.

தங்கை பொற்கொடி இங்கேதான் மூன்றாம் வருடம் கணிதம் படிக்கிறாள். கல்லூரி முதல்வர் தனபால் வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தார்.

"கவர்மெண்டுல இருந்து ஆய்வுக்குழு வருதுங்க அம்மணி. வாத்தியாருங்க இல்லைன்னு எழுதிப்போட்டா டிபார்ட்மெண்டை இழுத்து மூடிருவாங்க. அப்புறம் உங்க தங்கச்சி எங்கீங்க பரீட்சை எழுதறது?"

ஆய்வுக்குழுவிலிருந்து சாந்தாமணி வந்தார். தாராபுரத்துக்காரர், அரசுக் கல்லூரிப் பேராசிரியர். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, வந்தவங்கள வாங்கன்னு கேக்கறதெல்லாம் நம்மூர்ல நின்னுபோச்சுங்களா?"

அன்புச்செல்வி கும்பிட்ட கையை இறக்கினாள். வாங்க என்று கேட்பது வீட்டுக்காரர்கள் வேலை. விருந்துக்கு வந்தவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

"ஊட்டுக்காரங்க ஒருத்தரையும் காணமே. எல்லாருமே விருந்துக்கு வந்த ஒரம்பரைதானுங்களா?" என்றார் சாந்தாமணி.

"பயந்துட்டாங்க மேடம்," என்று தனபால் சிரித்து மழுப்பினார்.

சாந்தாமணி அன்புச்செல்வியை மட்டும் வராண்டாவுக்குக் கூட்டிப்போனார்.

"நெசத்தைச் சொல்லு கண்ணு. எழுதிப்போடறேன்."

"மூடிப்போட்டா படிக்கிற புள்ளைங்க எங்கீங்க போவாங்க?"

"வேற காலேஜுக்கு மாத்தோணும். கவர்மெண்ட் மாத்தும்."

"எப்பங்க?"

சாந்தாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் இங்கத்தவதானுங்க," என்றாள் அன்புச்செல்வி.

"சரிங்க. அப்ப நான் போயிட்டு வாரேனுங்க."

கண்ணு போய் 'ங்க' வந்திருந்தது. அது அன்புச்செல்விக்குச் சுருக்கென்றது.

குழுவின் கார் போனதும் தருவித்த பேராசிரியர்களோடு அன்புச்செல்வியும் வேனில் ஏறினாள். பொற்கொடி ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டுட்டாங்களாமா. காலேஜு பாஸு!"

"ம்."

"நாளைக்கு எங்களுக்கு யாருக்கா வருவாங்க? இன்னும் ஒரு பாடம்கூட நடத்தலை."

பொற்கொடியின் விரல்கள் கம்பியை விடவில்லை. பின்னாலிருந்து தனபால் சந்தோஷமாகக் கையசைத்தார்.

"அடுத்த வருசமும் மறக்காம வாங்க அம்மணி!"