கால் எடுத்த பிறகும்

அண்ணி வண்டியைப் பட்டறைக்குள் விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் நீலப் புகை கலையாமல் தகரக் கூரைக்குக் கீழே தேங்கி நின்றது.

"உங்க வண்டி ஒரு தடவை வந்துட்டுப் போனா இந்தத் தெருவுக்கே கொசுத் தொல்லை இல்லக்கா," என்றான் அடுத்த கொட்டகை வெல்டர், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"வாயை மூடிக்கிட்டு உன் கேட்டை ஒட்டுடா."

வழக்கமான பதில்தான். குரல்தான் வழக்கமாக இல்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன அண்ணி, ஆயில் குடிக்குதா?"

"குடிச்சா குடிக்கட்டும். அது இல்ல தம்பி." அவள் இறங்காமலே சொன்னாள். "குவாரி இறக்கத்துல வரேன். ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டேன். எடுத்த பிறகும் வேகம் பிடிக்குது. கொஞ்ச நேரம்தான். யாரோ என் காலுக்குப் பக்கத்துல கால் வச்சு மிதிச்ச மாதிரி."

"எந்த இடத்துல?"

"அந்த வளைவுக்கு மேலதான். வேற எங்கயும் பண்ணல. இது முதல் தடவையும் இல்ல. சொன்னா பைத்தியம் பிடிச்சிருச்சும்பீங்க, அதான் சொல்லல."

அந்த வளைவில்தான் போன வருஷம் அண்ணன் போய்ச் சேர்ந்தான். மேலே குவாரிக்குத் தண்ணீர் கேன் இறக்கிவிட்டு, காலிக் கேன்களோடு திரும்பியவன், வளைவில் திரும்பாமல் நேராகப் பாறையில் போய் அடித்தான். "கடைசி வரைக்கும் அமுக்கிக்கிட்டே போனான். என்ஜின் அலறினது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்று குவாரி எடைமேடைக்காரன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். பிரேக்கில் பழுதில்லை என்று பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். குடித்திருக்கவுமில்லை. பிறகு மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை ஊர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணி வந்தால் பேச்சை மாற்றியது. அதுவே சொன்ன மாதிரிதான்.

நசுங்கிய முன்பக்கத்தை வேறொரு இடத்தில் தட்டி நிமிர்த்தி, அதே வண்டியில் அதே பிழைப்பை அண்ணி எடுத்துக்கொண்டாள். மெக்கானிக் அந்த வண்டியில் ஸ்பேனர் வைக்க மறுத்துவிட்டான். தனக்குக் கை ஓடாது என்றான். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் அவள் வேறு ஆளிடம்தான் போய்வந்தாள்.

"இன்னைக்கு நீதான் பார்க்கணும்," என்றாள் இப்போது. "கோளாறு இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. எனக்காக எதையும் பூசி மெழுகாத. கோளாறு இல்லன்னா, அவரு தெரிஞ்சேதான் போயிருக்காரு. இப்ப என்னையும் கூப்பிடுறாரு."

அவன் பக்கத்து சீட்டை மடக்கினான். இந்த ரக வண்டியில் என்ஜின் அதற்கடியில்தான். அண்ணன் ஒட்டிவைத்த நுரைப்பஞ்சு, சூட்டில் கருகி, கை பட்டதும் பொடிந்து விழுந்தது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று குனிந்தான்.

புகை கறுப்பாக வந்தால் டீசல் எரியாமல் மிச்சம். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் எங்கிருந்து உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. காற்றுக் குழாயைக் கழற்றினான். உள்ளே டர்போவின் சக்கரம் தெரிந்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு முனை சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இந்தச் சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். தண்டுக்கு எப்போதும் ஆயில் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஒரு சின்ன சீல்.

இரண்டு விரலால் தண்டைப் பிடித்து ஆட்டினான். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. சக்கரத்தின் இதழ் நுனிகள் சுவரில் உரசி வெள்ளி மாதிரி மின்னின. விரலை வெளியே எடுத்தபோது கணுவரை ஆயில்.

"டர்போ போயிருச்சு அண்ணி. சீல் தேஞ்சு, ஆயில் காத்தோட சேர்ந்து உள்ள போகுது. டீசல் என்ஜினுக்கு எரிய ஏதாவது ஒண்ணு கிடைச்சா போதும். டீசலை நிறுத்தினாலும் ஆயிலைத் தின்னுக்கிட்டே ஓடும்."

அண்ணி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் நிம்மதி வரவில்லை.

"தேஞ்சு போன சீலுக்கு அந்த இடம் தெரியுமா? மார்க்கெட் ரோட்டுல பண்ணல. பாலத்து மேல பண்ணல. அங்க மட்டும் ஏன்?"

அவன் விரலில் இருந்த ஆயிலைத் துணியில் துடைத்தான்.

"பாத்தியா," என்றாள் மெதுவாக.

வெல்டர் பீடியைப் பற்றவைக்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பற்றவைக்காமலே நின்றான்.

மெக்கானிக் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து நகர்ந்தான். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆறவைக்க ஒரு பெட்டி உண்டு. மற்ற வண்டிகளில் அது முன்னால் இருக்கும். இதில் என்ஜினுக்குப் பின்னால், தாழ்வாக. விரல் மடக்கி அதைத் தட்டினான். மேல்பாதி கணீர் என்றது. கீழ்ப்பாதி சத்தம் செத்துப்போய், நிறைகுடம் மாதிரி இருந்தது.

படுத்தபடியே கேட்டான்: "அண்ணி, முன்னெல்லாம் பாதி லோடுதானே ஏத்துவீங்க?"

"ஆமா. இப்பத்தான் குவாரியில ஆள் கூடிருக்கு. முழு லோடு."

அண்ணனும் எப்போதும் முழு லோடுதான். பாதி ஏற்றினால் பாதி ஆம்பளை என்பான்.

முழு லோடோடு மேட்டில் முக்கி ஏறும்போது டர்போ முழு மூச்சில் சுற்றும். ஆயில் கசிந்து பெட்டியின் அடியில் சேரும். சமதரையில் அது அங்கேயே கிடக்கும். வண்டி மூக்கைக் கவிழ்த்து இறங்கும்போது முன்பக்கமாகச் சாய்ந்து என்ஜினுக்குள் போகும். அந்தச் சாலையிலேயே செங்குத்தான இடம் வளைவுக்கு மேலே இருக்கும் அந்தத் துண்டுதான்.

அவன் எழுந்தான். பட்டறைக்குப் பின்னால் கொல்லைக்கு இறங்கும் சிமென்ட் சரிவு இருந்தது. வெல்டரும் அவனும் சேர்ந்து வண்டியைத் தள்ளி, மூக்கு கீழே பார்க்க அதில் நிறுத்தினார்கள். சக்கரங்களுக்கு அடியில் கல். கியர் நியூட்ரலில். கழற்றிய குழாயை அவன் மாட்டவில்லை. டர்போவின் வாய் திறந்தே இருந்தது. உட்காரும் மணைப் பலகையைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டான்.

"தள்ளி நில்லுங்க அண்ணி."

சாவியைத் திருப்பினான். சாதுவாகத்தான் பிடித்தது. லேசாக மிதித்துக் காலை எடுத்தான். சத்தம் இறங்கியது. இறங்கி, பாதியில் நின்று, தானாக ஏறத் தொடங்கியது. அவன் கால் தரையில் இருந்தது. சாவியை அணைத்தான். ஏறிக்கொண்டே போனது. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். என்ஜின் அலறியது. வண்டி முழுக்க நடுங்கிற்று; காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிக் குதித்தன; நீலப் புகையில் கொல்லைச் சுவர் காணாமல் போனது.

"டேய், வெடிச்சிரும்டா!" என்று வெல்டர் கத்தினான். "அக்கா, ஓடுங்க!"

அண்ணி ஓடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவன் பலகையை இரண்டு கையாலும் டர்போவின் வாயில் வைத்து அழுத்தினான். காற்று கிடைக்காத என்ஜின் பலகையை உள்ளே உறிஞ்சிப் பிடித்தது. இருமியது. உதறியது. நின்றது.

ஒரு கேன் மட்டும் உருண்டு ஓய்ந்தது.

"அவரு மிதிக்கல அண்ணி," என்றான். கையில் சாவி இருந்தது. விபத்தன்று அண்ணனுடைய சாவியும் வண்டித் தரையில்தான் கிடந்தது. மோதியதில் தெறித்து விழுந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். "அணைச்சுப் பார்த்திருக்காரு. அணையல. உருவியும் பார்த்திருக்காரு."

அண்ணி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அதுக்கு முந்தின நாள் உனக்குப் போன் பண்ணாரே, என்ன சொன்னாரு?"

அவன் யோசிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சாதாரணமான பேச்சு அது. "குவாரி இறக்கத்துக்கு வந்தா வண்டி இழுக்குதுடான்னாரு. சைடுல இழுக்குதுன்னு நெனச்சேன். அலைன்மெண்ட்தான் அண்ணே, ஞாயித்துக்கிழமை கொண்டாங்கன்னேன். அவரும் சரிடான்னு வச்சுட்டாரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு உறைத்தது. பட்டறையில் அந்த வார்த்தைக்கு இரண்டே அர்த்தம். மேட்டில் இழுக்கவில்லை என்றால் என்ஜினில் குறை. இழுக்கிறது என்றால் ஸ்டியரிங்கில் குறை. என்ஜின் அதிகமாக இழுக்கிறது என்று எந்த டிரைவரும் குறை சொல்லிக்கொண்டு வந்ததில்லை.

"நான் அடுப்படியில இருந்தேன்," என்றாள் அண்ணி. "பாதிதான் காதுல விழுந்துச்சு. 'இறக்கத்துக்கு வந்தா இழுக்குதுடா.' வண்டின்னு எனக்குக் கேக்கல. ஏதோ ஒண்ணு அவரைத்தான் இழுக்குதுன்னு நெனச்சேன். மறுநாள் அப்படி ஆச்சா? அதுக்கப்புறம் யார்கிட்ட சொல்ல? சொன்னா ஊரு கணக்கை முடிச்சிரும். முழுங்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"உன்கிட்டதானேடா அவரு சொன்னாரு. நீயே ஒண்ணும் பேசல. உனக்கும் தெரியும், நீ மறைக்கிறன்னு நெனச்சேன். வண்டியைத் தொடமாட்டேன்னு வேற சொல்லிட்ட."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு தன் கொட்டகைக்கு நடந்தான். போகும்போது, "அந்த எடைமேடைக்காரன் எதிர்ல வரட்டும், செருப்பாலயே..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

"இத்தனை நாளும் அவர் மேல கோவமா இருந்தேன் தம்பி," என்றாள் அண்ணி. "கேன் தூக்கும்போதெல்லாம் திட்டிக்கிட்டே தூக்குவேன். என்னை விட்டுட்டு நிம்மதியாப் போய்ட்டல்லன்னு. நிம்மதியாப் போனாருன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மெக்கானிக் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். "வேற டர்போ போட்டு, பெட்டியைக் கழுவிட்டா இனி பண்ணாது," என்றான். எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சு என்று சொன்ன பிறகு பட்டது.

அவன் வண்டிக்கடியில் போய்ப் பெட்டியின் குழாயைத் தளர்த்தினான். கறுப்பு ஆயில் தடித்த கயிறாக இறங்கிக்கொண்டே இருந்தது. தட்டு நிறைந்து, வேறு தட்டு தேடவேண்டி வந்தது. தலைக்கு மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. அண்ணி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

பிரேக் மிதி இறங்கும் சத்தம். விட்டு மறுபடி. பிறகு இரண்டு காலும் சேர்ந்து மிதித்த மாதிரி ஒரு கனம். வண்டி கல்லின் மேல் நெறிந்தது.

"அண்ணி, வேண்டாம். இறங்குங்க."

அவள் வளைவுக்குத் திரும்புகிறவள் போல ஸ்டியரிங்கைத் திருப்பினாள். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. சாவி இல்லாத வண்டி செய்வதை அதுவும் செய்தது: 'டக்' என்று பூட்டிக்கொண்டது. கீழே இருந்த அவனுக்கு அது பல்லில் கேட்டது. இந்த வண்டியில் சாவியை உருவினால் ஸ்டியரிங் திரும்பாது, அண்ணன் வளைவில் நேராகப் போனது அதனால்தான் என்பது அவனுக்குத் தெரியும். அவளிடம் அதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தான்.

பிறகு அவள் மறுபடி திருப்பிப் பார்த்தாள். மறுபடியும். ஆள் பலம் முழுவதையும் போட்டுத் திருப்பினாள். இரும்பு இரும்பில் இடித்துக்கொண்டே இருந்தது.