அண்ணனின் அசல் அகலம்

மனிதனுக்குக் கால்கள் படைக்கப்பட்டதே முன்னால் போவதற்குத்தான் என்பது ஆத்மநாதனின் முடிவு. பின்னால் போவது லாரியின் வேலை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னால் போகிறவன் போட்டோகிராபரே இல்லை. கிளீனர் இல்லாத லாரி. புதுக்கோட்டை மாவட்டம் முழுவதற்கும், அவசியப்பட்டால் பக்கத்து மாவட்டங்களுக்கும் சேர்த்து, ஒரே ஒரு லென்ஸ் போதும். அது இருபது மில்லிமீட்டர் வைடு பிரைம். அதில் ஜூம் கிடையாது, திருகி விளையாட ஒன்றும் கிடையாது. நெருங்கிப் போய் நின்றால் உலகம் தானாக உள்ளே வந்துவிடும்.

இதை அவன் சிரிக்காமல் சொல்வான். கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடையின் மாடியில் இருந்த அவனுடைய ஸ்டுடியோ போர்டிலும் அதையே எழுதி வைத்திருந்தான்: ‘ஆத்மா போட்டோஸ் – நெருங்கி எடுப்போம்’. பெண்ணைப் பெற்ற சிலர் அதைப் படித்துவிட்டு, மாடி ஏறாமலே திருச்சி பஸ்ஸைப் பிடித்ததும் உண்டு.

கல்லூரியில் அவனோடு படித்த ஷர்லி மணமேல்குடியில் கல்யாணப் போட்டோ எடுக்கிறாள். போன சித்திரையில் ஒரு பெரிய குடும்பத்தைக் கடற்கரையில் நிறுத்திவிட்டு, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸோடு பின்னாலேயே நடந்து, முழங்கால் தண்ணீரில் நின்று குரூப் போட்டோ எடுத்தாள். யாரோ அதை வீடியோவாகப் பிடித்துப் போட்டார்கள். ஆத்மநாதன் அதோடு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தைச் சேர்த்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் விட்டான். ஷர்லி ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினாள். அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

இந்தக் கொள்கை ரகுநாத் அண்ணன் விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது.

ரகுநாத் பெரியப்பா மகன். வீட்டு ஆண்பிள்ளைகளில் மூத்தவர், குவைத்தில் ஏசி மெக்கானிக். ஆத்மநாதனின் அக்கா ரஞ்சிதாவுக்கு வளைகாப்பு நடந்தபோது விடுப்பில் வந்திருந்தார். அவர்கள் வீட்டில் குரூப் போட்டோவுக்கு ஒரு முறை உண்டு. விசேஷக்காரர்கள் நடுவில், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம். இரண்டு பக்கத்திலும் மூத்தவர் கடைசி ஓரத்தில், தூண் மாதிரி நிற்க வேண்டும். வைடு லென்ஸுக்கும் ஒரு முறை உண்டு. நடுவில் நிற்பவரை அது ஒன்றும் செய்யாது. ஓரத்தில் நிற்பவரைப் பிடித்து இழுத்து அகலமாக்கிவிடும். இரண்டு முறையும் வல்லத்திராக்கோட்டையில் அக்கா வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டன.

அந்தப் போட்டோ ஃப்ளெக்ஸாகி ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றது. எதிர் ஓரத்தில் நின்ற சம்பந்தி வீட்டுப் பெரியவர் இயற்கையிலேயே ஒடிசல். அவருக்கு லென்ஸ் நல்லதே செய்தது. “ஆளு நல்லாத் தேறிட்டாரு” என்று ஊரே சொன்னது. ரகுநாத் அண்ணன் ஏற்கெனவே தேறியவர். ஃப்ளெக்ஸில் அவர் தோள் ஒரு பனை மரத்தை மறைத்தது. ஊர்ப் பையன்கள் ‘அண்டா’ என்று பேர் வைத்தார்கள். அவர் விமானம் ஏறி குவைத் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேர் அவருடைய அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இப்போது ரஞ்சிதாவின் மகளுக்குக் காது குத்து. அக்கா போனில் கூப்பிட்டாள்.

“அண்ணன் வந்துட்டாக. மடி தாரேன்னுட்டாக. ஆனா ஒரு கண்டிசன்.”

“போட்டோவே வேணாமாமா?”

“வேணுமாம். கோயிலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல நீ ஒரு போட்டோ எடுக்கணுமாம். அவுக பாப்பாகளாம். அவுக அகலம் என்னவோ அந்த அகலத்துல இருந்தா புள்ளைய மடியில வச்சுக்கிருவாக. இல்லாட்டி பஸ் ஏறிருவாகளாம்.”

“நடுவுல நிப்பாட்டுனா சரியாப் போயிரும்க்கா.”

“நிக்க மாட்டாக. மூத்தவரு ஓரத்தை விட்டுக் குடுத்துட்டாருன்னு மாப்ள வீட்டுல பேசுவாகளாம்.”

“அப்ப நானே மடி தாரேன். நானும் தாய்மாமன்தான?”

“மூத்தவுக இருக்கையில ஒன் மடியா? அவுக மடி இல்லாட்டி காது குத்து இல்லை. புள்ள மூளிக் காதோட வளரட்டும், கேட்டா ஒன் மாமன் லென்ஸுன்னு சொல்லிக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “வேற ஆளு யாரையும் பாக்கவா தம்பி?” என்றாள்.

கடைசிக் கேள்விதான் அவனைக் குத்தியது. சொந்த அக்கா வீட்டு விசேஷத்துக்கு வெளியாள் கேமராவோடு வந்தால், மறுநாள் போர்டைக் கழற்றி செல்போன் கடைக்காரருக்குக் கொடுத்துவிடலாம். “நான்தான் எடுப்பேன்” என்றான். “அண்ணன் அவுக அகலத்துலயே இருப்பாக.”

அன்றிலிருந்து ஸ்டுடியோ மாடியில் ஆராய்ச்சி. அவனோடு வீடியோ எடுக்கும் கோபிநாத் உதவிக்கு இருந்தான். வேறு கேமரா கம்பெனியின் தீவிரத் தொண்டன்.

கேமரா உலகம் கட்சிகளால் ஆனது. ஒரு கட்சியின் லென்ஸ் இன்னொரு கட்சியின் கேமராவில், அதாவது பாடியில், உட்காராது. கட்சி மாற வேண்டுமானால் பாடி, லென்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் விற்றுவிட்டு, வெறுங்கையோடு அடுத்த வாசலில் போய் நிற்க வேண்டும். அதனால் யாரும் மாறுவதில்லை. மாறச் சொல்லி அடுத்தவனிடம் பேசுவதோடு சரி.

“தப்பு லென்ஸுல இல்ல மாப்ள, ஒன் சிஸ்டத்துல இருக்கு” என்றான் கோபிநாத். “எங்காளுக வைடு பிரைமு எடையே தெரியாது. வெளிக் கம்பெனி லென்ஸும் கொட்டிக் கெடக்கு. இங்கிட்டு வந்துரு.”

“வெளியாளு கொட்டிக் கெடக்குற எடத்துக்கு ஏண்டா நான் வரணும்? எங்க இருபது, ரெண்டு தடவ கீழ விழுந்துருக்கு. ஒரு கீறல் இல்ல.”

“ஒங்க அண்ணனுக்குத்தான் கீறல்.”

திருச்சியில் வாடகைக்கு எடுத்து, கோபிநாத்தின் கட்சியில் இருபதும் இருபத்துநாலும் வந்தன. மூன்றாவதாக, படம் பதியும் சென்சார் சின்னதாக இருக்கும் கட்சியிலிருந்தும் ஒரு பாடி வந்தது. அதில் பதின்மூன்று போட்டாலே இவர்களுடைய இருபது பார்க்கும் அளவு பார்க்கும். பொட்டலம் மாதிரி சட்டைப்பையில் அடங்கும். சோதனைக்கு ஆளை நிறுத்த முடியாது, பேச்சு வெளியே போய்விடும். ஆத்மநாதன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தேங்காய்களை வரிசையாக வைத்தான். உருண்டையான தேங்காயாகப் பொறுக்கி, ஓர் ஓரத்துத் தேங்காயில் ‘அண்ணன்’ என்று சாக்பீஸால் எழுதினான்.

அவனுடைய இருபதில் ஓரத் தேங்காய் பப்பாளியாக வந்தது. கோபிநாத்தின் இருபதிலும் பப்பாளி. சின்ன சென்சாரிலும் அதே பப்பாளி, அதே பக்கம் சாய்ந்து. மூன்று கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன.

“சாஃப்ட்வேர்ல சரி பண்ணிப் பாப்போம்” என்றான் கோபிநாத். பண்ணினார்கள். வளைந்திருந்த கைப்பிடிச் சுவர் நேரானது, பப்பாளி பூசணியானது. சுவரை நேராக்கும் செலவு முழுவதையும் ஓரத்தில் நிற்கிறவர் தலையில்தான் கட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

இருபத்துநாலில் கொஞ்சம் தேவலை. கோபிநாத்தின் பையிலேயே கிடந்த பழைய இருபத்தெட்டில் தேங்காய் ஏறக்குறையத் தேங்காய். ஆனால் அக்கா வீட்டு வாசலில் இருபத்தெட்டு நடக்காது. தெரு அத்தனை குறுகல். எதிரே அழகம்மாள் அயித்த வீட்டு மதில் முதுகில் இடிக்கும். அங்கே சாய்ந்து நின்று எடுத்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். அகலமாக வந்தாலே அண்ணன் பஸ் ஏறுகிறார். வெட்டுப்பட்ட அண்ணன் என்ன ஏறுவார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

“மதிலுக்கு அங்கிட்டு போயிட்டா?” என்றான் கோபிநாத். “அயித்த வீட்டுல டிராக்டர் திரும்பற அகலத்துக்குப் பெரிய கேட்டு இருக்குல்ல? ரெண்டு கதவையும் தெறந்துட்டு, உள்ள மாட்டுக் கொட்டகை வரைக்கும் போயி, ஷர்லி மாதிரி அம்பதுல எடுத்தா தேங்கா தேங்காயாவே…”

ஆத்மநாதன் அவனைத் திரும்பிப் பார்த்தான். “நான் லாரி இல்ல.”

இருந்தாலும் விசேஷத்துக்கு முந்தின நாள் ஷர்லிக்குப் போன் போட்டான்.

“ஒன்கிட்ட அந்த அம்பது இருக்கா? கோபிக்கு ஏதோ வேணுமாம்.”

“லென்ஸ் மட்டும் ஒங்க ரெண்டு பேரு பாடியிலயும் உக்காராதே.”

“அப்ப பாடியோட குடு.”

“சாயங்காலம் பிரிண்ட் வாங்க புதுக்கோட்டைக்கு வாரேன். கோபிய பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு.”

“அவன் கூச்சப்படுறான். நானே வாரேன்.”

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஷர்லி கேமராவை ஒரு துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். பையில் லேசாகக் கருவாட்டு வாசனை. “கோபிகிட்ட சொல்லு” என்றாள், அவன் சட்டைப் பித்தானைப் பார்த்தபடி. “பின்னாடி போகையில பள்ளம் பாத்துப் போகணும்னு.” ஆத்மநாதன் சொல்கிறேன் என்றான். பையைப் பெரிய பைக்குள் வைத்து, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

மறுநாள் காலை வாசலில் பந்தல். ரகுநாத் அண்ணன் பட்டு வேட்டியில், கையில் பயணப் பையோடு வந்து ஓரத்தில் நின்றார். பையைக் கீழே வைக்கவில்லை.

ஆத்மநாதனிடம் கடைசியாக ஒரு திட்டம் இருந்தது. பந்தல் கால்களில் கட்டியிருந்த வாழை மரங்களை அவிழ்த்து, வரிசையின் இரண்டு ஓரத்திலும், மூத்தவர்களுக்கும் அப்பால் நிறுத்தினான். இழுக்கிற லென்ஸ் வாழையை இழுத்துக்கொள்ளட்டும். தன்னுடைய இருபதை மாட்டி, தன் கொள்கைப்படி நெருங்கி நின்று அமுக்கினான். அண்ணன் வந்து திரையை வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார்.

“வாழத்தாரு நல்லாப் பருத்துருக்கு” என்றார். “நானும்தான்.”

“கொஞ்சம்தான்ணே.”

“கொஞ்சம்தான். அண்டா இல்ல, தவலை.” பையைத் தோளில் மாட்டினார். “பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறேன். அதுக்கு மேல என்னையக் கேக்காத.”

ரஞ்சிதா பட்டுப் பாவாடை கட்டிய குழந்தையை இடுப்பில் இறக்கி, தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்து, வேறு யார் நம்பரையோ தேடுவது போல விரலை ஓட்டினாள்.

ஆத்மநாதன் குனிந்தான். துண்டை விலக்கினான். இருபதைக் கழற்றாமல் பாடியோடு உள்ளே வைத்துவிட்டு, கருவாட்டு வாசனையோடு மற்றதை எடுத்தான். தெருவைத் தாண்டி அயித்த வீட்டுக் கேட்டின் இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தான்.

அழகம்மாள் அயித்த கொட்டகையில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். “என்னடா, போட்டோ அங்கிட்டு. நீ இங்கிட்டு எங்க வார?”

“சும்மா அயித்த.”

“சும்மாவா? பசு கன்னு போட்டுருக்கு, முட்டும்.”

கேமராவைக் கண்ணில் வைத்தான். கேட்டுக்குள் வந்தும் வரிசை அடங்கவில்லை. இரண்டு ஓரத்திலும் இன்னும் ஆட்கள் வெளியே நின்றார்கள். கோபிநாத் ஓடிவந்து அவன் பின்னால் நின்றுகொண்டான். இடது கையை உயர்த்தி, குரலைக் கிளீனர் குரலாக மாற்றிக்கொண்டான்.

“வா… வா… வரட்டும். லெப்ட்ல தொட்டி. நேரா வா. வரட்டும், வரட்டும்…”

ஆத்மநாதன் பின்னால் போனான். வைக்கோலை மிதித்தான், அதற்கப்புறம் வைக்கோல் அல்லாத ஒன்றை மிதித்தான். நிற்கவில்லை. கொட்டகைத் தூணில் முதுகு தட்டியபோது, கண்ணுக்குள் மொத்தக் குடும்பமும் ஓரம் முதல் ஓரம் வரை நின்றது. நடுவில் அக்காவும் மாமாவும் குழந்தையும். இந்தப் பக்கம் சம்பந்தி வீட்டுப் பெரியவர், பழையபடி ஒடிசலாக. அந்தப் பக்கம் ரகுநாத் அண்ணன், எவ்வளவு இருப்பாரோ அவ்வளவு. அமுக்கினான்.

கோபிநாத் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். அண்ணன் வெகு நேரம் பார்த்தார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். சம்பந்தி வீட்டுப் பெரியவரும் எட்டிப் பார்த்துவிட்டு, “நான் எளைச்சுட்டேனே” என்றார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

அண்ணன் பயணப் பையைத் தோளிலிருந்து இறக்கிப் பந்தல் காலோரம் வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். “புள்ளையக் கொண்டா.”

ரஞ்சிதா குழந்தையைக் கொடுத்துவிட்டு, போனை இடுப்பில் செருகினாள். “டேய் ஆத்மா” என்று தெருவைத் தாண்டிக் கத்தினாள். “மாமன் மடியில புள்ளையோட ஒண்ணு எடு. மாப்ள வீட்டுல இன்னும் ரெண்டு பேரு வந்து நிக்கிறாக, அவுகளும் வரணும்.”

கோபிநாத் கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். ஆத்மநாதன் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். இரண்டு பேர் வெளியே நின்றார்கள். யாரும் வா, வா என்று சொல்லவில்லை. தூணைச் சுற்றி, பசுவுக்கு மரியாதையாக ஒதுங்கி, அவனாகவே இன்னும் ஓர் அடி பின்னால் போனான்.