மாலக்கிக்குப் போட்ட தார்

கில்டாரன் ஊருக்கு நடுவே ஒரு நீரூற்று வைத்தார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வானத்திலிருந்தே கொட்டிக்கொண்டிருக்கிற ஊரில், தண்ணீர் மேலே போய்க் கீழே விழுவதை நின்று பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரீஜ் ஹெஷன் மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து ஊர் மேம்பாட்டுக் குழுவில் அவளுக்கு வாய்க்கொழுப்புக்காரி என்று பேர்.

குழு சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் பூக்கூடை தொங்கியது. பழைய பால் வண்டி ஒன்றுக்கு நீலச் சாயம் பூசி அதிலும் பூ நட்டார்கள். சுத்தமான கிராமத்துக்கான போட்டி நடுவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார் என்பதால், கோடை முழுக்க, கோட்டுப் போட்ட வெளியூர்க்காரன் எவன் தலை தெரிந்தாலும் குழுத் தலைவி கன்செப்டா துடைப்பத்தோடு தெருவுக்கு வந்துவிடுவாள். ஒருமுறை மாட்டுக்குப் பூச்சி மருந்து விற்க வந்தவனுக்கு ஆப்பிள் கேக் கொடுத்து, ஊரையே சுற்றிக் காட்டினாள். அவனும் மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு, மருந்து பாட்டில் ஒன்றை மாதிரிக்கு வைத்துவிட்டுப் போனான்.

இந்த அழகெல்லாம் ஊர் நடுவோடு சரி. நாக்பிராக் குன்றுக்கு ஏறுகிற பாதையில், மேலே கடைசி வீடு பிரீஜுடையது. பேருக்கு அது கவுன்சில் பராமரிக்கிற ரோடு. அதிலிருந்த குழிகளில் காட்டு வாத்துகள் வந்து குளித்துவிட்டுப் போகும். அவள் புருஷன் மாலக்கிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். ஆஸ்பத்திரி வேன் ஒரு தடவை மேலே ஏறி வந்து அச்சு முறிந்த பிறகு, கீழே முனையிலேயே நின்றுகொண்டது. அதனால் பிரீஜ், டிராக்டருக்குப் பின்னால் கன்றுக்குட்டி ஏற்றுகிற இரும்புப் பெட்டியில் வைக்கோல் கட்டைப் போட்டு, அதன்மேல் மாலக்கியை உட்கார வைத்து, கையில் ஒரு குடையும் கொடுத்து, இறக்கிக் கொண்டுபோய் விடுவாள். திரும்பி வரும்போது அவர் முகம் சாம்பல் பூத்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடிப்பது எஞ்சின் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்பதுபோல் இருக்கும்.

பனி விழ ஆரம்பித்தால் இது நடக்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வேன் வாசலுக்கு வரவேண்டும், இல்லையென்றால் மாலக்கி டவுனில் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும்.

"அங்க போனா ஒரே வழியிலதான் வெளிய வரலாம்," என்றார் மாலக்கி. "காலை நீட்டிக்கிட்டு."

அக்டோபரில் ஊர்க் கூடத்தில் பொதுக்கூட்டம் போட்டார்கள். கவுன்சிலர் கோல்மன் டிவேன் முன்வரிசையில் இருந்தான். இந்த டிவேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் வாழ்ந்ததே சாவு வீடுகளில்தான். காலையில் வானொலி செய்தி முடிந்ததும் வாசிக்கிற மரண அறிவிப்பை, மற்றவர்கள் வானிலை கேட்பதுபோல் கேட்பான். எந்தச் சவப்பெட்டி எந்த வீட்டில் வைத்திருந்தாலும் வரிசையில் நின்று குடும்பத்தார் கையைக் குலுக்குவான். அப்படிக் குலுக்கியே அவன் நாலு தேர்தல் ஜெயித்தான். சவம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பாதையின் குழிகளை அடைத்துத் தார் போட ஆள் அனுப்புவதும் அவன் வழக்கம். உயிரோடிருப்பவன் வருஷக்கணக்காகக் கெஞ்சினாலும் கிடைக்காத தார், அவன் செத்த மறுநாள் தானாக வந்து நிற்கும். இதை ஊரில் யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. மரியாதை என்றுதான் சொன்னார்கள்.

"கோல்மன், எங்க ரோடு என்னாச்சு?" என்று பிரீஜ் எழுந்து கேட்டாள்.

"பிரீஜ், என் தங்கமே, உங்க ரோடு என் நெஞ்சுலயே இருக்கு."

"நெஞ்சுல இருந்து என்ன பிரயோஜனம்? அங்க வேன் ஏறாதே."

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் டிவேன்தான். தன்னைத் திட்டினால் சிரிப்பது அவனுக்குச் செலவில்லாத வேலை.

கன்செப்டா தொண்டையைக் கனைத்தாள். "அடுத்த கோடையிலயும் நடுவர் அவ்வளவு மேல வரமாட்டார் பிரீஜ். கண்ணுல படற எடத்தைத்தான மொதல்ல பாக்கணும்? வேணும்னா உங்க பாதை முனையில ஒரு பூத்தொட்டி வெக்கலாம்."

"வையி. மாலக்கி பெட்டியில உக்காந்து மோந்து பாத்துக்கிட்டே போவாரு."

பூத்தொட்டிக்கு ஏகமனதாக ஒப்புதல் கிடைத்தது. அதில் கிண்டல் இருந்தது என்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை. பிரீஜுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்பத்தான் வந்தது. கூடம் சுத்தமாக இருந்ததால் வெளியே வந்து துப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை வானொலியில் ஒரு சாவுச் செய்தி வந்தது. நாக்பிராக்கைச் சேர்ந்த மாலக்கி ஹெஷன் காலமானார், சடலம் புதன் மாலை குடும்ப வீட்டுக்கு வரும், வியாழன் அடக்கம். மாலக்கி கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார். "பாவம், ஆத்து மாலக்கி போயிட்டானா," என்றார். நாக்பிராக்கில் இரண்டு மாலக்கி ஹெஷன்கள். இவர் குன்று மாலக்கி. அவன் ஆற்றோரப் பாதை வீட்டில் பிறந்து, இளவட்டத்திலேயே பர்மிங்காமுக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டவன். அறிவிப்புக் கொடுத்த அவன் அண்ணன் ஃபெஸ்டிக்கு, பர்மிங்காமை ஒரு ஊராகச் சொல்ல மனம் வரவில்லை. எந்த மாலக்கி என்பது நாக்பிராக்கில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மறுநாள் காலை தார் லாரி வந்த பிறகுதான், யாருக்குத் தெரியாது என்று பிரீஜுக்கு விளங்கியது.

லாரி, ரோலர், மண்வாரிகளோடு நாலைந்து ஆட்கள். பாதை முனையில் ஆரம்பித்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே பிரீஜ் வாசலுக்கு ஓடினாள். மேஸ்திரி டர்லோ, மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தவன், அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. நல்ல மனுஷன்னு சொன்னாங்க."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. கவுன்சிலர் ஐயா நேத்தே போன் பண்ணிட்டாரு. பெட்டி குலுங்காம வரணும்னு உத்தரவு."

ஆள் மாறிப்போச்சுப்பா என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழே புதுத் தார் கறுப்பாக, ஆவி பறக்க, இரண்டாவது வளைவுவரை கிடந்தது. அதைப் பார்த்தாள். வாரத்துக்கு மூன்று நாள் மாலக்கியின் சாம்பல் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாருப்பா," என்றாள். அது பொய்யில்லை. "வாசல் வரைக்கும் போடுவீங்களா?"

"வாசப்படி வரைக்கும்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "மாலக்கி, நீ செத்துட்ட. ஜன்னல் பக்கம் போகாத."

மாலக்கி செய்தித்தாளை இறக்கினார். "எப்போ?"

"நேத்து. டிவேன் சொல்லிட்டான். ரோடு போடறாங்க."

அவர் ஆத்து மாலக்கியின் பேரைச் சொல்லி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு, "தார் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்.

"பாதி."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் செத்திருக்கேன். டீ மட்டும் குடு."

"பொணத்துக்கு என்ன டீ கேக்குது?" என்றபடி அவள் கெண்டியை அடுப்பில் வைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் டிவேனே வந்துவிட்டான். புதன் மாலை வேறு இரண்டு சாவு இருந்ததால் இதை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வந்திருந்தான். கூடவே ஒரு தட்டு ஹாம் சாண்ட்விச்சோடு கன்செப்டா. பிரீஜ் மாலக்கியைப் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த மட்டும்தான் நேரம் இருந்தது.

டிவேன் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அதை எங்கே வைத்திருந்து எடுக்கிறான் என்று பிரீஜ் வியந்தாள்.

"ஒரு தூண் சாஞ்சுடுச்சு பிரீஜ். போன வாரம்தான் கீழ முனையில பாத்தேன். என் கையப் புடிச்சிக்கிட்டு, 'கோல்மன், இந்த மாவட்டத்துல ஏழைக்கு உன்ன விட்டா ஆளில்ல'ன்னாரு. 'ரோடு போட்டுத் தந்துடு, நான் நிம்மதியா கண்ண மூடுவேன்'னாரு. வாக்குக் குடுத்தேன். காப்பாத்திட்டேன்."

கன்செப்டா மூக்கை உறிஞ்சினாள். வெளியே ரோலர் சத்தம் நின்றது. டர்லோ கதவைத் தட்டி, "முடிஞ்சுதும்மா," என்றான். அவன் வாயை மூடுவதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது. ஊன்றி நடக்கிற நடைச்சட்டத்தோடு மாலக்கி நின்றார்.

"நான் எப்படா உன் கையப் புடிச்சேன்?"

கன்செப்டா வீறிட்டாள். டர்லோ மறுபடியும் தொப்பியைக் கழற்றினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. டிவேனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனால் எத்தனை நேரம்? மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான்.

"மாலக்கி! பாத்தீங்களா, சொன்னேன்ல, போட்டுத் தர்றேன்னு!"

ஓடிப்போய் அவர் கையையும் குலுக்கினான். பிறகு டர்லோவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுத்தான். டர்லோவுக்குக் குசுகுசுக்கத் தெரியாது. "தார் என்ன சார், தரை விரிப்பா? சுருட்டிட்டுப் போக?" என்பது அடுப்படிவரை கேட்டது. டிவேன் திரும்பி வந்தபோது முடிவு செய்திருந்தான்: பத்திரிகைக்காரனை அனுப்பி, நோயாளிக்குக் கொடுத்த வாக்கைக் காத்த கவுன்சிலர் என்று ஒரு படம் போட்டுவிடுவது. பிரீஜுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கன்செப்டா, சாண்ட்விச் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாவு இல்லாத வீட்டில் ஹாம் எதற்கு?

"அப்ப ஆத்து மாலக்கிக்கு?" என்று பிரீஜ் வாசலில் கேட்டாள். "அந்தப் பாதைக்கு நாளைக்கு ஆள் வருவாங்களா?"

"அங்க யாரு செத்தது?" என்றான் டிவேன். அவள் சொன்னாள். அவன் உச்சுக்கொட்டினான். "அடடா. கைவசம் இருந்த தார் இதோட தீந்துபோச்சே. நேர்ல வந்து துக்கம் கேட்டுடறேன்."

புதன் காலை ஆஸ்பத்திரி வேன் வாசப்படியில் வந்து நின்றது. மாலக்கி நடைச்சட்டத்தோடு மெதுவாகப் போய், முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வேன் குன்றிறங்கி, வளைவில் மறைகிறவரை பிரீஜ் பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு உறுத்தவும் செய்தது. இன்னொருத்தன் பிணத்துக்கு வரவேண்டியதைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலை சவ வண்டி ஆற்றோரப் பாதையில் முதல் சேற்றுக் குழியிலேயே புதைந்து நின்றது. டிரைவர் கையை விரித்தான். ஃபெஸ்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் தங்கை நோராவுக்கு இடுப்பு சரியில்லை. துக்கத்துக்கு வந்திருந்த பிரீஜ் வீட்டுக்கு ஓடி, டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். கன்றுக்குட்டிப் பெட்டியில் புது வைக்கோலை நிறையப் பரப்பி, ஆத்து மாலக்கியை அதில் ஏற்றினார்கள். எவ்வளவு மெல்ல ஓட்டினாலும் குலுங்கத்தான் செய்தது.

வீட்டு முற்றத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் ஃபெஸ்டியிடம் போனாள். "உங்க ரோட்டை நான் எடுத்துக்கிட்டேன் ஃபெஸ்டி. வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல."

ஃபெஸ்டி தம்பியின் பெட்டியைப் பார்த்தார். "இவன் போறது ஒரு வாட்டி. உன் ஆளு வாரத்துக்கு மூணு வாட்டி போகணும். வெச்சுக்கோ," என்றார். பிறகு, "எங்க வரிசை காலியாத் தெரியுது. நீ வந்து உக்காரு. நீயும் ஹெஷன்தான்," என்றார்.

அப்படித்தான் அவள் சவப்பெட்டியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலிகளில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃபெஸ்டி, அடுத்து நோரா. ஊர் முழுக்க வரிசையாக வந்து கை குலுக்கிப் போனது. வேலித் தகராறில் இருபது வருஷம் முகம் பார்க்காதவர்கள்கூடச் சவப்பெட்டிக்கு முன்னால் நீட்டின கையைப் பற்றிக்கொள்வார்கள். அதை மறுத்தவர் யாரும் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

டிவேன் வந்தான். முழங்கால்வரை சேறு, பளபளக்கும் பூட்ஸ் இருந்த இடமே தெரியவில்லை. முகத்தில் அதே துக்கம், கண்ணில் அதே தண்ணீர். பிரீஜுக்கு நேரே கையை நீட்டினான்.

"பிரீஜ், என் தங்கமே. ரோடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அதுக்கு நன்றிய இவன்கிட்ட சொல்லிட்டேன்," என்று பெட்டியைக் காட்டினாள். காட்டிய கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டிவேன் சிரிக்கப் பார்த்தான். சாவு வீடு என்பது ஞாபகம் வந்து விழுங்கினான். கையை ஃபெஸ்டி பக்கம் திருப்பினான். ஃபெஸ்டி அந்தக் கையைப் பார்த்தார், அவன் கால் சேற்றைப் பார்த்தார், பிறகு மெதுவாக இரண்டு கையையும் அக்குளுக்குள் மடக்கிக்கொண்டார். நோரா கைக்குட்டையை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஊரே நின்று பார்க்க, நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மடக்கவும் வழியில்லை, நீட்டவும் ஆளில்லை. கடைசியில் டிவேன் அதைக் கொண்டுபோய்ச் சவப்பெட்டியின் மேல் வைத்தான். அந்த அறையில் கையை இழுத்துக்கொள்ள முடியாதவன் ஆத்து மாலக்கி ஒருவன்தான்.