இரவல் நெருப்பு

தென்னூரில் ஹனீஃபா நடத்தும் மெத்தைக்கடைக்குள் தீப்பெட்டி வரக்கூடாது. அது அவருடைய அத்தா போட்ட சட்டம். கடை முழுக்க இலவம்பஞ்சு மூட்டை. ஒரு பொறி பட்டால் கடையும் போச்சு, தெருவும் போச்சு. அத்தா மௌத்தாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது பாதி மெத்தைகள் ஃபோமில் வருகின்றன. சட்டம் மட்டும் மாறவில்லை. ஹனீஃபாவின் சட்டைப்பையில் சிகரெட் எப்போதும் இருக்கும், தீப்பெட்டியோ லைட்டரோ ஒருநாளும் இருந்ததில்லை. “தீப்பெட்டி வேணாம்னு சொன்ன மனுஷர் சிகரெட்டே வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா? பஞ்சும் பிழைச்சிருக்கும், நீங்களும் பிழைச்சிருப்பீங்க” என்று அவர் மனைவி மஜீதா, மாமனார் மேல் உள்ள மரியாதை குறையாமல் சொல்வார்.

ஆக, நெருப்பு இரவல்தான். கொடுப்பவர் பக்கத்துக் கடை ரத்தினவேல். அவருக்குப் படம் கண்ணாடி போடும் தொழில். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் எல்லாவற்றையும் ஒரே முகபாவத்தோடு சட்டம் போட்டு மாட்டுவார். மீசை முளைத்த காலத்திலிருந்து இருவருக்கும் சிநேகம். எதிர்ச்சாரியில் பிலோமின்ராஜின் டீக்கடை. சாயங்காலம் டீ வேளைக்கு இருவரும் ரோட்டைக் கடந்து போவார்கள். ஹனீஃபா சிகரெட்டை உதட்டில் வைப்பார், ரத்தினவேல் லைட்டரைத் தட்டுவார். கைமாற்று கேட்டால் தலையைச் சொறியலாம், ஸ்கூட்டரைக் கேட்டால் பஞ்சர் என்று சொல்லலாம். நெருப்பு கேட்டவனுக்கு மட்டும் இல்லை என்று சொல்லக்கூடாது. புகை பிடிக்கிறவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஒரே தர்மம் இதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் ரத்தினவேலின் கூரைத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, ஹனீஃபாவின் புதுப் பஞ்சையெல்லாம் ஊறவைத்துவிட்டது. அது கூடப் பரவாயில்லை. ரத்தினவேல் வந்து பார்த்துவிட்டு, “பஞ்சுதானே பாய், வெயில் வந்தா காஞ்சிடும்” என்றார். ஹனீஃபாவுக்கு அந்த ‘தானே’ தாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று, செத்தவன் படத்துக்குக் கண்ணாடி போடுகிறவனுக்கு உயிருள்ளவன் பிழைப்பு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த மாதம் ரத்தினவேலின் மகள் சுபஸ்ரீக்குக் கல்யாணம். பத்திரிகை கைக்கு வரவில்லை, ஷட்டருக்கு அடியில் செருகிக் கிடந்தது. ஹனீஃபா போகவில்லை. அதோடு பேச்சு நின்றது.

ஆனால் நெருப்பு நிற்கவில்லை. இதுதான் வேடிக்கை. மறுநாளும் டீ வேளைக்கு ஹனீஃபா வந்து சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். ரத்தினவேல் வேறெங்கோ பார்த்தபடி லைட்டரைத் தட்டி நீட்டினார். ஹனீஃபா குனிந்து பற்றவைத்துக்கொண்டார். ஒரு ‘ம்’ கூடக் கிடையாது. டீக்கடையிலேயே கயிற்றில் ஒரு லைட்டர் தொங்குகிறது, அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆறு வருஷமும் இப்படியே ஓடியது.

இந்த வருஷம் ஹனீஃபாவுக்குக் கால் வலி வந்தது. நாலு எட்டு நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, காலும் வேண்டும் சிகரெட்டும் வேண்டும் என்றால் நடக்காது என்றார். “எது நடக்காது, டாக்டர்?” என்று கேட்டார் ஹனீஃபா. “நீங்க நடக்க மாட்டீங்க” என்றார் அவர்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ரிஃபானா அந்த வாரமே வந்து இறங்கிவிட்டாள். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி தோள்பட்டையில் ஒட்டிக்கொள்ள நிகோடின் பிளாஸ்திரி, ஆசை முட்டிக்கொண்டு வரும்போது வாயில் போட நிகோடின் சூயிங்கம். அந்தச் சூயிங்கத்தை மாடு மாதிரி அசைபோடக் கூடாது, கொஞ்சம் மென்று கன்னத்தில் புகையிலை மாதிரி அடக்கிக்கொள்ள வேண்டும் என்று மஜீதாவுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தாள். ருசி, பெப்பர்மிண்டில் மிளகுத்தூள் கொட்டியது போல இருந்தது. இதற்கெல்லாம் மேலாக அவர் ஃபோனில் ‘புதுமூச்சு’ என்று ஒரு செயலியை ஏற்றினாள். அவர் அதில் என்ன பதிந்தாலும் சென்னையில் அவளுக்குத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளையே வேவு பார்ப்பதற்கு இந்தக் காலத்தில் வழி செய்திருக்கிறார்கள்.

செயலி ஹனீஃபாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. இன்று எப்படி உணர்கிறீர்கள் என்று ஐந்து முகங்களைக் காட்டியது. அழுகிற முகமும் இளிக்கிற முகமும் தன் வயதுக்கு ஒத்துவராது என்று அவர் தினமும் நடுவில் இருந்த முகத்தையே தொட்டார். ‘உங்கள் ஏக்கத்தைப் பதிவு செய்யுங்கள்’ என்றது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் ஏக்கத்தைப் பதிவு செய்வதாவது என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, வழக்கமாக யாருடன் புகைப்பீர்கள் என்று கேட்டது. தனியாக, குடும்பத்தினர், நண்பர்கள், சக ஊழியர்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று ஒன்று அதில் இல்லை.

“என்னத்தா யோசிக்கிறீங்க? ரத்தினவேல் மாமாதானே” என்றாள் ரிஃபானா.

“தனியான்னு போடு.”

எந்த இடத்தில் அதிகம் புகைப்பீர்கள் என்றதற்கு டீக்கடையை அவளே வரைபடத்தில் குத்திவிட்டாள். உடனே அது ஆபத்தான இடம் ஆகிவிட்டது. சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றது செயலி. பாவம், பிலோமின்ராஜ் இஞ்சி தட்டிப் போட்டு டீ ஆற்றுவதைத் தவிர வேறு பாவம் அறியாதவர். ஃபோன் வெறுமனே அதிர்ந்தால் அத்தா கண்டுகொள்ள மாட்டார், கண்ணாடி இல்லாமல் படிக்கவும் மாட்டார் என்று, ரிஃபானா ஊருக்குக் கிளம்பும்போது அது குரலில் பேசும் வசதியையும் போட்டுவிட்டுப் போனாள். கல்யாணச் சீருக்கு மெத்தை எடுக்க ஒரு குடும்பம் கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஹனீஃபாவின் சட்டைப்பையிலிருந்து ஒரு பெண் குரல், “ஹனீஃபா, உங்கள் ஏக்கம் சில நிமிடங்களில் தணிந்துவிடும்” என்றது. கல்யாணப் பெண்ணின் தாயார் எழுந்து வாசல் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் மெத்தை எடுத்தார்கள்.

ஹனீஃபா டீக்கடைக்குப் போகவில்லை. டீயைக் கடைக்கே வரவழைத்துக் குடித்தார். மஜீதாவிடம் உப்புக்கும் புளிக்கும் எரிந்து விழுந்தார், பஞ்சு மூட்டையை எண்ணி எண்ணி அடுக்கினார். எல்லாம் பொறுத்துக்கொண்டார். கால் கொஞ்சம் தேவலை. பெரிய பள்ளிவாசல் வரை நிற்காமல் நடந்துவிட்டு வந்து, அதைச் சொல்ல ஆள் தேடினார். மஜீதாவிடம் சொன்னார். ரிஃபானாவிடம் சொன்னார். இன்னும் யாரிடமோ சொல்ல வேண்டியது பாக்கி இருப்பது போலவே இருந்தது.

அடுத்த வாரம் டீ கொண்டுவந்த பிலோமின்ராஜ் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“பாய், உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். எனக்கு எதுக்கு. ஆனா அந்த மனுஷன் தெனம் லைட்டரைக் கையில வெச்சுக்கிட்டு உங்க கடை வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு.”

ஹனீஃபா டீயைப் பார்த்தார்.

“இந்த மாசத்தோட கடையைக் காலி பண்றாராம். ஸ்ரீரங்கத்துல மகன் வீட்டோட போறாரு. நேத்து சொன்னாரு, ‘நெருப்புகூட வேணாம்னு பாய் முடிவு பண்ணிட்டாரு, இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு’ன்னு.”

பிலோமின்ராஜ் போன பிறகு ஹனீஃபா அடுக்கிய மூட்டைகளையே மறுபடி பிரித்து அடுக்கினார். இது நிகோடின் விவகாரம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தான் காலுக்காக நிறுத்தியதை அந்த ஆள் தன்மேல் உள்ள கோபத்தில் நிறுத்தியதாக எடுத்துக்கொண்டுவிட்டான். போய்ச் சொல்லலாம். சொல்வதென்றால் முதலில் பேச வேண்டும். ஆறு வருஷம் வீம்பாக இருந்துவிட்டு, தானே போய் என்னவென்று வாயைத் திறப்பது? இதற்குச் செயலியில் ஒரு வழியும் இல்லை. சிரிக்கிற முகமும் அழுகிற முகமும்தான் இருந்தன.

அன்று சாயங்காலம் ஹனீஃபா வாயிலிருந்த சூயிங்கத்தைத் துப்பினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரோட்டைக் கடந்து போய், பிலோமின்ராஜிடம் ஒரே ஒரு சிகரெட் வாங்கினார். ஒன்றே ஒன்று, அதுவும் பிடிப்பதற்கில்லை, நெருப்பு கேட்பதற்கு என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். கால் போனாலும் இன்னொன்று இருக்கிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பைத்தியக்காரத்தனம்தான்.

ரத்தினவேல் வழக்கமான இடத்தில் புகைத்துக்கொண்டு நின்றார். ஹனீஃபா இரண்டடி தள்ளிப் போய் நின்று, சிகரெட்டை உதட்டில் வைத்து, போகிற பஸ்ஸைப் பார்த்தார். ஓரக்கண்ணால் ரத்தினவேலின் கை சட்டைப்பைக்குப் போவதைப் பார்த்தார். முகம் மாறவில்லை, கை மட்டும் அவசரமாகப் போனது. லைட்டர் வந்தது. சுடர் வந்தது. ஹனீஃபா குனிந்தார்.

“ஹனீஃபா, கவனம். இது உங்களுக்கு ஆபத்தான இடம்” என்றது அவர் சட்டைப்பை.

சுடர் அப்படியே நின்றது.

“நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். ஒரு சிகரெட்டுக்காக உங்கள் காலை இழக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.”

காலைப் பற்றி ரிஃபானாதான் அதில் எழுதி வைத்திருக்க வேண்டும். டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பிலோமின்ராஜ் நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துவந்து வைத்தார்.

ரத்தினவேல் லைட்டரை அணைத்தார்.

“யாரு அது?”

ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு இது.

“ஃபோன்” என்றார் ஹனீஃபா.

“காலுக்கு என்ன?”

“ரத்தக்குழாய் சுருங்கிடுச்சாம். சிகரெட்டை விடலேன்னா எடுக்கணுங்கறாங்க. அதான் வரல.” சட்டையைத் தோளோடு விலக்கிப் பிளாஸ்திரியைக் காட்டினார். “வேற ஒண்ணும் இல்ல.”

ரத்தினவேல் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஃப்ரேமில் விரிசல் பார்ப்பவர் போல அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தார்.

“பின்ன இப்ப எதுக்கு வாயில வெச்சுக்கிட்டு வந்து நிக்கிறே?”

“நீ கடையைக் காலி பண்றேன்னு சொன்னாங்க.”

“அதுக்கு?”

“சும்மா எப்படி வர்றது.”

ரத்தினவேல் லைட்டரைச் சட்டைப்பையில் போட்டார்.

“குடு ரத்தினம். எல்லாரும் பார்க்கிறாங்க. வந்ததுக்கு ஒண்ணு.”

“தர மாட்டேன்.”

டீக்கடையில் யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். நெருப்பு இல்லை என்று ஒருவன் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

ஹனீஃபாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “ஆறு வருஷமா கேக்காமலே குடுத்தே. இன்னிக்கு வாயைத் திறந்து கேக்கறேன், தர மாட்டேங்கறே.”

“அப்ப உன்மேல கோவம்” என்றார் ரத்தினவேல்.

ஹனீஃபா சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தார். அதற்கு மேல் அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ரத்தினவேல் அதை வாங்கி ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். தன் சிகரெட்டை மட்டும் போடவில்லை. சிநேகம் வேறு, அது வேறு.

“சுபஸ்ரீ கல்யாணத்துக்கு நீ வரல.”

“பத்திரிகையை ஷட்டருக்கு அடியில தள்ளினா?”

“கையில கொண்டாந்தா மூஞ்சியில விட்டெறிவியோன்னு பயந்துட்டேன், பாய்.”

“எறிஞ்சிருக்க மாட்டேன். வந்திருக்கணும், தப்புதான். அன்னிக்குத் தெருவுல பேசினதும் தப்புதான்.” சொல்லிவிட்டு ஹனீஃபா தண்ணீரைக் குடித்தார். பள்ளிவாசல் வரை நிற்காமல் நடந்ததைச் சொன்னார். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லியாகிவிட்டது. “கடையை நிஜமாவே எடுக்கறியா?”

“எடுக்கறேன். அட்வான்ஸைத் திருப்பி வாங்கியாச்சு.”

“போ. ஸ்ரீரங்கம் என்ன சீமையிலயா இருக்கு? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினா வந்துடுது. நடக்கத்தான் கால் இருக்கே.”

அப்போது ஃபோன் மறுபடியும் சிணுங்கியது. எச்சரிக்கையைத்தான் அது வாயால் சொல்லும், கேள்வியை எழுத்தில்தான் கேட்கும். ஹனீஃபா அதை எட்டப் பிடித்துப் பார்த்தார், எழுத்தெல்லாம் புகையாகத் தெரிந்தது.

“என்ன கேக்குது?” என்றார் ரத்தினவேல்.

“இப்ப யாரோட இருக்கேன்னு கேக்கும். கண்ணாடி கடையில இருக்கு. நீயே பார்த்துப் போடு.”

ரத்தினவேல் ஃபோனை வாங்கினார். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். ஒரு விரலால் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அந்தச் சூயிங்கத்தில் ஒன்று கொடு, என்ன ருசி என்று பார்க்கலாம் என்று கேட்டார். அதெல்லாம் கண்டபடி தின்கிற சமாச்சாரம் இல்லை, டாக்டர் சொல்லணும் என்று ஹனீஃபா மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ரிஃபானா கூப்பிட்டுவிட்டாள்.

“அத்தா, டீக்கடைக்குப் போனீங்களா?”

“போனேன். பிடிக்கல.”

“அம்மாவையும் கூட்டிட்டுப் போனீங்களா?”

“அவ அங்க எதுக்கு வர்றா?”

“இல்ல, யாரோட இருந்தீங்கன்னு கேட்டதுக்குக் ‘குடும்பத்தினர்’னு போட்டிருக்கே.”

ஹனீஃபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“கை தவறிப் பட்டிருக்கும்மா.”

“சரி, நான் மாத்திடறேன்.”

“வேணாம்” என்றார் ஹனீஃபா. “அது கிடக்கட்டும்.”