முகட்டில் நான் நிற்காத இடம்

1

இந்தக் கதை ஒரு தலையசைப்பிலிருந்து பிறந்தது. அசைத்த தலை என்னுடையது. மூன்று வருஷமாக அதை அழகாக எழுதப் பார்க்கிறேன், அசிங்கமாகத்தான் வருகிறது.

2

முதல் தொடக்கம்: ‘காலடியில் வெண்பஞ்சுக் கடலாய் மேகங்கள், அதன்மேல் இரு பறவைகளாய் நாங்கள்…’

(அடித்துவிட்டேன். ஒருவர் கால் போன கதைக்குப் பஞ்சும் பறவையும் ஒரு கேடா?)

3

நடந்தது இது. மாமா, அதாவது அக்காவின் கணவர், பல் டாக்டர். ஞாயிறுதோறும் இருவரும் மலையில் ஓடுவோம். ஓடிய ஆறு வருஷமும் அவர் முன்னால், நான் அவர் முதுகைப் பார்த்தபடி பின்னால். அன்று பள்ளத்தாக்கு முழுக்க மேகம் மூடிக் கிடந்தது, ஊரே அடியில். மேலே முகட்டுப் பாதையில் சுள்ளென்று வெயில். முதல்முறையாக அவரை முந்தினேன்.

பின்னால் கல் சரிந்த சத்தம். திரும்பினேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டேய், நில்லுடா! கால் ஊன முடியல.”

கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவரை நான் ஓடாத வேகம். [இங்கே ‘காதில் விழவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. விழுந்தது.] உச்சியைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஓடினேன்.

திரும்பி வர இருபது நிமிஷம். வெயில் ஏற ஏற மேகமும் மேலேறிப் பாதையை விழுங்கியிருந்தது. மாமா உட்கார்ந்த இடத்தில் மாமா இல்லை. தானே நொண்டி இறங்கப் பார்த்து, வழி தெரியாமல் சரிவில் விழுந்திருக்கிறார். பாறை இடுக்கில் நசுங்கிய காலோடு அவரை மீட்புக்காரர்கள் கண்டுபிடிக்க ஐந்து மணி நேரம் ஆனது.

4

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டாள்: “நீ எங்கடா இருந்த?”

நான் வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து மாமா சொன்னார்: “அவன் ரொம்ப முன்னாடி போயிட்டான். நான் கூப்பிட்டது கேட்டிருக்காது.”

தலையசைத்தேன்.

(மாமாவை ரொம்ப நல்லவராக்குகிறேனோ? இல்லை. அதற்குப் பிறகு போன வாரம்வரை என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. காப்பாற்றியே கொன்றார்.)

5

போன வாரம் இந்தப் பக்கங்களை அவருடைய கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்துதான் பல் பிடுங்குகிறார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை படித்தார்.

“அக்காகிட்ட காட்டப் போறியா?”

“நீங்க சொல்லுங்க மாமா.”

“எனக்குக் கால்தான் போச்சு. அவளுக்குத் தம்பியும் போகணுமா?”

அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

6

முடிவு ஒன்று: அக்கா மன்னிக்கிறாள். (அது அக்கா இல்லை, என் ஆசை.)

முடிவு இரண்டு: அக்கா முகத்தில் அறைகிறாள். (அதிலும் எனக்குத்தான் நிம்மதி.)

நேற்று சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். மேஜைமேல் காகிதங்கள்.

“என்னடா எழுதுற? நான் படிக்கலாமா?” என்று கையை நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். எப்படி எழுதினாலும் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். நீங்கள் எழுதுங்கள், அவள் பக்கம் நின்று எழுதுங்கள்.