சொல்லிவிட்டுப் போன சோதனை

மனநலச் சிகிச்சை விடுதிகளுக்கு உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். எந்த விடுதிக்குப் போவதானாலும் முந்தின நாள் போனை எடுத்து, "நாளைக்கு வரோம், கொஞ்சம் ரெடியா இருங்க" என்று சொல்லிவிடுவார். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் பழகிப்போன மரியாதை அது. அவர் லஞ்சமாக ஒரு பைசா வாங்கியவர் இல்லை. அதனாலேயே தன் மேல் தப்பே வராது என்று அவருக்கு ஓர் எண்ணம். கை சுத்தமாக இருந்தால் போதும், கண் மூடியிருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற நல்லவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

அன்று காலை அவர் அப்படிப் போனை எடுத்த நேரத்தில் அவருடைய அக்கா அலுவலகத்துக்குள் நுழைந்தாள். தலைகூட வாரவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். பதினாறு வயது. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அப்பா இறந்த பிறகு சாப்பாடும் தூக்கமும் போய், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். அக்கா பதறிப்போய்த் தம்பியிடம் ஓடினாள். "நான் லைசென்ஸ் குடுத்த இடம்க்கா, கண்ண மூடிட்டு சேத்துவிடு" என்று ஒரு விடுதியைச் சொன்னார். அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் சேர்த்தாள்.

"தம்பி, நேத்து போன்ல பேசினா. எதுக்கெடுத்தாலும் சரிம்மாங்கறா. 'ஒழுங்கா சாப்பிடு, அப்பா திட்டுவாரு'ன்னு வாய் தவறி சொல்லிட்டேன்டா. அதுக்கும் சரிம்மாங்கறா! செத்துப்போனவரு எப்படிம்மா திட்டுவாருன்னு என் பொண்ணு கேக்க வேணாமா?"

"மருந்து வேலை செய்யுதுக்கா. போன மாசம் நானே போய்ப் பாத்தேன்ல? மத்தியானம் எல்லா பிள்ளைங்களும் அசந்து தூங்கிட்டு இருந்தாங்க. அவளுக்கு நானேதான் போர்வைய இழுத்துவிட்டேன்."

"பகல்ல அவ தூங்கி நான் பாத்ததே இல்லடா. இப்பவே வா."

அவர் மறுபடியும் போன் பக்கம் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுப் போறதுதான் முறைக்கா."

"நீயும் உன் முறையும்! உள்ள இருக்கறது என் உயிருடா!"

அவர் எழுந்து அவளோடு நடந்தார்.

விடுதி வாசலில் மேலாளர் தின்றுகொண்டிருந்ததை விழுங்கியபடி ஓடி வந்தார். "என்ன சார் இது? ஒரு போன் பண்ணக் கூடாதா?" கல்யாணத்துக்கு அழைக்காத சம்பந்தியைப் போலக் குறைபட்டுக்கொண்டார்.

போன மாதம் பார்த்த அதே கூடம்தான். ஆனால் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே யாரோ விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்திர நாற்றம் வராந்தா வரை வந்தது. "சாவி எங்க?" என்று கத்தினார் ஆய்வாளர். கூடத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த பெண்பிள்ளைகளிடையே வாயாடி இல்லை. கடைசியில், சாமான் அறை என்று முன்பு அவருக்குச் சொல்லியிருந்த ஜன்னல் இல்லாத அறையையும் திறக்கவைத்தார். அங்கே அவள் வெறும் தரையில் சுருண்டு கிடந்தாள்.

அக்கா போட்ட அலறலைக் கேட்டால் கல் மனசும் கரையும். மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். வாயாடி அம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தாள்.

"மாமா, நீங்க வர்றீங்கன்னு இவங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கு எக்ஸ்ட்ரா மாத்திரை தரலையே."

"என்ன மாத்திரைம்மா?"

"நீங்க வர்ற அன்னைக்குத் தருவாங்க. யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு. அன்னைக்குப் போர்வை இழுத்துவிட்டீங்கல்ல? எனக்குத் தெரிஞ்சது மாமா. கூப்பிடணும்னு பாத்தேன். வாய் வரல."

ஆய்வாளருக்குப் போன மாதம் எழுதிய அறிக்கை நினைவுக்கு வந்தது. அமைதியான சூழல் என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்த அமைதியை அவருடைய போன்தான் உண்டாக்கியிருக்கிறது.

உடனே மேலதிகாரியை அழைத்து, நடந்ததைச் சொன்னார். அவரோ, "விதிப்படி நோட்டீஸ் குடுத்துட்டு வாங்க. விளக்கம் சொல்ல அவங்களுக்கு ஒரு வாரம் டைம் குடுப்போம். உங்க மருமகதான் வெளிய வந்தாச்சே!" என்றார்.

அம்மாவின் தோளில் சாய்ந்து நடந்த வாயாடி, கூடத்து வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே இருந்த பெண்பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கெல்லாம் ஆபீசர் மாமா இல்லையேம்மா" என்றாள்.

மேலாளர் கைகூப்பினார். "நாளைக்கு வாங்க சார். எல்லாத்தையும் சரி பண்ணி வைக்கிறேன்."

ஆய்வாளர் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போன் இன்னும் காதில் இருந்தது.

"சார், நாம குடுக்கற டைம்ல இவங்க பிள்ளைங்களுக்கு மாத்திரை குடுப்பாங்க. டாக்டரும் போலீசும் வந்து ஒவ்வொரு பிள்ளையா வெளிய கூட்டிட்டுப் போற வரைக்கும் நான் இங்கேந்து எந்திரிக்க மாட்டேன். வேலை போனாலும் போகட்டும். சொல்லிட்டு வந்தா அது சோதனை இல்ல சார், விருந்து. கட்டிலப் பாத்தேன், கக்கூஸப் பாத்தேன், ஒரு பிள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசல. பிள்ளைங்ககிட்ட கேக்காம நாம குடுக்கற லைசென்ஸ், அவங்கள அடைச்சு வைக்க நாமளே வாங்கிக் குடுக்கற பூட்டு சார்."