அறுபது பைகளும் ஒரு கோட்டும்

காலரக்கா கழிவறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார். காலை ஆறு நாற்பது. ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. கல்யாணத்தன்றும் ஆறு நாற்பது, பிரசவ வலி எடுத்த அன்றும் ஆறு நாற்பது. "கொஞ்சம் பொறுங்க" என்று மருத்துவச்சியையே காக்க வைத்தவள் என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அவள் அதை மறுத்ததே இல்லை.

சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. அவள் தைத்த காலரை மடக்கிப் பார்த்தவன் விரல்தான் மடங்குமே ஒழிய காலர் மடங்காது. அதனால்தான் அந்தப் பெயர். கடை முதலாளி ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். 'திரும்பி வந்தவை' என்று அட்டையில் எழுதியிருக்கும். யார் தைத்தது, தைத்த தேதி, திரும்பிய தேதி, என்ன குறை என்று நாலு கட்டம். ஒவ்வொரு தையற்காரருக்கும் தனித்தனிப் பக்கங்கள். மற்றவர்கள் பக்கங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, காலரக்காவின் பக்கம் பதினாலு வருஷமாகப் பட்டினி கிடந்தது. ஒரு புள்ளி மசி கூட அதன் வாயில் விழுந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவள் மாட்டிக்கொண்டது தன் வாயால்தான்.

பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பது இவர்கள் கடைதான். ஒருநாள் கோட்டு மூட்டையோடு போனவளை அங்கிருந்த நர்ஸ் ஓரமாக அழைத்து, கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வயிறு ஒழுங்கா போகுமா?"

கேட்டாளே ஒரு கேள்வி! காலரக்கா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் பெருமை பேசினாள். பிரசவக் கதையும் வந்தது. பேசி முடிக்கும்போது அவள் கையில் ஒரு படிவம் இருந்தது.

விஷயம் இதுதான். சிலருடைய குடலில் ஒரு கெட்ட கிருமி குடிபுகுந்துவிடும். அதைக் கொல்ல மருந்து கொடுத்தால் நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்துப்போகும்; காலி வீடு கிடைத்ததென்று கெட்டது மட்டும் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு, நல்ல ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைச் சுத்தப்படுத்தி, அதிலிருக்கும் நல்ல கிருமிகளைக் குடலுக்குள் செலுத்தினால் பிழைத்துக்கொள்கிறார்கள். யாருடையது எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் பலன் தருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கொடுப்பதற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ரத்தம், எச்சில், பரம்பரை எல்லாவற்றையும் சலித்துப் பார்த்ததில் முந்நூற்றுப் பதினொரு பேர் கழிந்தார்கள்.

"அக்கா, நீங்க தங்கம்!" என்று நர்ஸ் போனில் கத்தினாள்.

"நான் இல்லடி, அது" என்றாள் காலரக்கா.

அன்றிலிருந்து அறுபது நாள் சிறை. தினமும் ஆறு இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, உதட்டையும் மற்றதையும் இறுக்கி மூடிக்கொண்டு, சாலையைக் கடந்து, ஆறு நாற்பதுக்கு ஆய்வுக்கூடத்தின் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. கையை நீட்டினால் நாலு சுவரையும் ஒரே நேரத்தில் தொடலாம். கதவைச் சாத்தினால் வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும்; 'வந்துவிட்டது' என்று பொத்தானை அழுத்தும்வரை அது அணையாது. பிறகு இருபத்தெட்டுக் கேள்விகள் கொண்ட தாள். காய்ச்சல் உண்டா, தும்மல் உண்டா, வெளியே சாப்பிட்டீர்களா, வீட்டில் புதிதாக நாய் பூனை வந்ததா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்து. அன்றன்றைய சரக்கு ஒரு பையில் அடைபட்டு, எண் குத்தப்பட்டு, பனிப்பெட்டிக்குள் போகும். அறுபதாம் நாள் ரத்தம் எடுத்து, அறுபது தாளையும் வைத்துப் பார்த்து, எல்லாம் சரியென்றால்தான் பைகள் அங்கிருந்து நகரும். ஒன்று தப்பினாலும் மொத்தமும் குப்பை என்று அவள் புரிந்துகொண்டாள்.

தங்கை வீட்டுக்குப் போகக்கூடாது, வெளியூர்த் தண்ணீர் ஆகாது. தெருமுனைக் கடையில் ஒரு பிஸ்கட் கூடாது, வீட்டிலும் பத்தியச் சாப்பாடுதான். முக்கியமாக, ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது. "ஒன்னே ஒன்னு போட்டாலும் கதை முடிஞ்சுது அக்கா" என்று முதல் நாளே நர்ஸ் சொல்லிவிட்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். தட்டில் வெந்த காய்கறியும் ரொட்டியுமாக அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் சொன்னான்: "இருபது வருஷமா லிஃப்டுல மாட்டின ஆளுங்கள வெளிய எடுத்துட்டிருக்கேன். உன்னை எந்த ஸ்க்ரூவைக் கழட்டி எடுக்கறதுன்னு தெரியல."

"வாய மூடிட்டு உங்க கறிக்குழம்பைச் சாப்பிடுங்க. வாசனை இந்தப் பக்கம் வரக்கூடாது."

எதிர்வீட்டுக்காரரோ கதவுச் சத்தம் கேட்காததால் திருத்தாத கடிகாரத்தை நம்பி மூன்று முறை பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் நர்ஸ் வாய்தவறிச் சொன்ன ஒரு தகவல். யாருக்குப் போகிறது என்று கொடுப்பவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் இருபதாம் நாளோ என்னவோ, பையில் எண் குத்திக்கொண்டே நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "பாவம்க்கா, வரிசையில மொதல்ல இருக்கறவரு பஸ் டிரைவர். நாலு மாசமா தனி அறையில அடைச்சு வெச்சிருக்கு. ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை ஓடறாரு. பொண்ணு கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டிட்டுப் போகுது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினெட்டு தடவை! ஒரே தடவையில் உலகத்தை முடிப்பவளுக்கு அந்தக் கணக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவன் அங்கே ஒரு கழிவறைக்குப் பக்கத்தில் அடைபட்டிருக்கிறான், நான் இங்கே ஒன்றுக்குள் அடைபட்டிருக்கிறேன், என் கதவு திறந்தால்தான் அவன் கதவு திறக்கும் என்று தோன்றிவிட்டது.

நாற்பத்துநாலாம் நாள். கடையில் ஆய்வுக்கூடத்துத் தலைமை டாக்டரம்மாவின் புதுக் கோட்டுக்கு மார்புப் பாக்கெட் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் யாரோ கொதிக்கிற ஊசியைச் செருகியது போல் ஒரு குத்து. பெடலை மிதித்துத் தையலை முடித்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்ததால் என்ன முடித்தோம் என்று பார்க்கவில்லை.

மறுநாள் கோட்டு திரும்பி வந்தது. பாக்கெட் தலைகீழாக இருந்தது. வாய் கீழே, அடி மேலே. டாக்டரம்மா பேனாவைச் செருகப் பார்த்து அது நேரே அவர் செருப்பில் விழுந்ததாம்.

முதலாளி நோட்டைத் திறந்தார். பதினாலு வருஷத்துப் பட்டினி முடிந்தது. எழுதிவிட்டு நிமிர்ந்தார். "காலரு, வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?"

"தூக்கம் இல்லண்ணே. வேற ஒன்னுமில்ல. அப்புறமா திருப்பி வெச்சுத் தரேன்."

அப்புறம் என்பது வரவே இல்லை. கோட்டு ஆணியில் தொங்கியது. பல்லோ நாளுக்கு நாள் பெரிய மனுஷியாகிக்கொண்டே போனது. முதலில் பல்லளவு வலி, அப்புறம் தாடையளவு, பிறகு அவளைவிடப் பெரிய வலி. அது நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் அதன் மடியில் உட்கார்ந்து தைத்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்தாள். ஒரு காவலாளியின் காற்சட்டையைக் கால் நுழைய முடியாதபடி அடியில் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவர் அதற்குள் குதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். நோட்டில் அவள் பக்கத்தில் வரிசையாக எட்டுப் பதிவுகள் ஏறின.

"பல் டாக்டர்கிட்ட போலாம் வா" என்றான் புருஷன்.

"போனா மாத்திரை எழுதுவான். எழுதினா அறுபது நாளும் குப்பை."

"சொல்லிடேன் அந்த நர்ஸ்கிட்ட."

"சொன்னாலும் குப்பைதான். பதினேழாவது கேள்வியே அதான்: பல்வலி, ஈறு வீக்கம் உண்டா?"

"நீ என்ன போடற?"

பனிக்கட்டியைத் துணியில் சுற்றித் தாடையில் வைத்துக்கொண்டாள். அவன் திருகாணிப் பையை மூடி வைத்தான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மேலேயும் கதவு இல்லை, கீழேயும் இல்லை.

அறுபதாம் நாள் காலை சால்வையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு போனாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஆறு நாற்பதுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஆறு ஐம்பது. ஏழு. தாள் மடியில் இருந்தது. பதினாறு கேள்விக்கு 'இல்லை' போட்டுவிட்டுப் பதினேழில் பேனா நின்றது. உண்டு என்று போட்டால் பைகள் குப்பைக்குப் போகும், டிரைவர் அதே அறையில் கிடப்பார். இல்லை என்று போட்டால் ரத்தம் காட்டிக்கொடுக்கும், அப்போதும் குப்பைதான். இதுவரை அவள் யோசித்ததெல்லாம் இந்த இரண்டோடு நின்றுவிடும். இன்றைக்கு மூன்றாவது ஒன்று வந்து எதிரே நின்றது. ரத்தம் காட்டிக்கொடுக்காவிட்டால்? இந்தச் சீழ் பிடித்த நாட்களின் பை அந்த மனுஷன் குடலுக்குள் போனால்? கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் யாருக்குக் கையாட்டும்?

நாலு சுவரும் அவள் முழங்காலை இடித்தன. தலைகீழ்ப் பாக்கெட்டாவது திரும்பி வந்தது. இது போனால் திரும்பி வராது.

கதவைத் திறந்தாள். சால்வையை விலக்கி, இடதுபக்கம் ஒரு சிறு பூசணி போலிருந்த கன்னத்தை நர்ஸிடம் காட்டினாள்.

"ஐயோ அக்கா!"

தலைமை டாக்டரம்மா வந்தார். முதல் வேலையாக வாயைத் திறந்து பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இதுக்கு மாத்திரை வேணும்னு யாரு சொன்னது? சீழை வெளிய எடுத்துப் பல்லைப் பிடுங்கினா முடிஞ்சுது. பரவாம இருக்கும்போது ஆன்டிபயாடிக் தேவையில்லன்னுதான் இப்ப எல்லா ஆய்வும் சொல்லுது. வலி வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கோட நிறுத்திட்டு, மத்ததைக் காப்பாத்தியிருக்கலாம்."

காலரக்காவுக்கு அழக்கூட வாய் திறக்கவில்லை. பதினாறு நாள்! இல்லாத ஒரு மாத்திரைக்குப் பயந்து பதினாறு நாள்!

"இப்ப எதையும் நம்ப முடியாது" என்றார் டாக்டரம்மா. "அம்பத்தொன்பது தாள்லயும் 'இல்லை'ன்னு இருக்கு. வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"நாப்பத்துநாலாம் நாளு."

"நீங்க சொல்றீங்க. எழுத்துல எங்க இருக்கு? பத்தாம் நாளே ஆரம்பிச்சிருந்தா? எழுத்துல ஆதாரம் இல்லாம ஒரு பையை நான் வெளிய விட மாட்டேன்."

டிரைவரின் கதவு மறுபடி மூடிக்கொண்டது. காலரக்கா டாக்டரம்மாவின் மார்பையே பார்த்தாள். சாயம்போன பழைய கோட்டு. அதைப் பார்த்ததும் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"உங்க புதுக் கோட்டு எங்கம்மா?"

"அது திரும்பப் போயிடுச்சு. பாக்கெட்..."

"அந்தப் பாக்கெட் மேல மிஷின் ஓடும்போதுதான் பல்லு குத்திச்சு. நோட்டுல இருக்கு. தைச்ச தேதியோட."

நர்ஸ் சாலையைத் தாண்டி ஓடினாள். கால்மணி நேரத்தில் கோட்டும் நோட்டும், நோட்டை விடமாட்டேன் என்று அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே முதலாளியும் வந்து சேர்ந்தார்கள். டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டினார். பதினாலு வருஷம் வெற்றிடம். பிறகு தலைகீழ்ப் பாக்கெட். பிறகு பதினாறு நாளில் இன்னும் ஏழு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பதினாலு வருஷத்துல ஒன்னுமே இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க!" முதலாளி கிட்டத்தட்ட அடிக்கவே போய்விட்டார். "எங்க காலரு கோட்டை விட்டா சூரியன் மேற்கால உதிச்சிருக்குன்னு அர்த்தம்!"

"இவ்வளவு சுத்தமான தரவு எங்க ஆய்வுலயே கிடையாது" என்று நர்ஸிடம் முணுமுணுத்தார் டாக்டரம்மா. ஆய்வுக்குழு மூன்று நாள் கூடிக்கூடிப் பேசியது. ரத்தத்தில் வெள்ளையணு ஏறியிருந்ததைத் தவிரப் பெரிய கோளாறு எதுவும் இல்லை. பனிப்பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பல் குத்துவதற்கு முந்தைய ஐந்து நாளையும் சந்தேகத்துக்குக் கழித்துவிட்டு, முதல் முப்பத்தெட்டுப் பைகளுக்குக் கதவு திறந்தார்கள். மற்ற இருபத்தொன்றும் குப்பைக்குப் போயின.

பல்லைப் பிடுங்கியவர் அது தன் கையைவிட்டு நழுவி விழுந்ததும் தரை ஒருமுறை அதிர்ந்தது என்று சொன்னதாக லிஃப்ட் மெக்கானிக் இன்றைக்கும் சொல்கிறான்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் கடைக்கு வந்தாள். யாரைப் பற்றியும் எதுவும் சொல்லக்கூடாது என்று அவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்திருந்தது. அதனால் துணி வாங்க வந்தவள் போல நின்றுகொண்டு, பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரே தடவைதான் போறாராம்."

காலரக்கா மிஷினை நிறுத்தினாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "காலையிலயா?"

"ஏழு மணிக்கு."

"கொஞ்சம் லேட்டுதான். பழகிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, அந்தக் கோட்டைக் கொண்டு வந்திருக்கலாமில்ல? பத்து நிமிஷ வேலை. பாக்கெட்டை நேரா வெச்சிடுவேன்."

"கையே வைக்கக்கூடாதுக்கா. அது இப்ப ஆய்வு ஆதாரம். பையில போட்டு, எண் குத்தி, அலமாரியில பூட்டியாச்சு."

"எத்தனை நாளைக்கு?"

"பதினஞ்சு வருஷம்."

காலரக்கா ஊசியில் நூலைக் கோத்தாள். பஸ் டிரைவர் வெளியே வந்துவிட்டார், அவளும் வந்துவிட்டாள். அவள் வாழ்நாளில் தைத்த ஒரே தலைகீழ்ப் பாக்கெட் மட்டும், இனி திருத்தவே வழியில்லாமல், உள்ளே மாட்டிக்கொண்டது.